ஓராண்டு ஓட்டமும் ஒரு வெண்பாவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் இத்தனை பேர் அமர்ந்திருக்கும் அவையில், ஓடுவதைப் பற்றிப் பேசும்படி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். செயலாளரிடம் காரணம் கேட்டேன். "எல்லாரும் கவிதையையே பேசினால் கூட்டம் சாப்பாட்டுக்கு முன்னால் கலைந்துவிடும்" என்றார். பத்தாண்டு அனுபவத்தில் சொல்கிறார், மறுக்க முடியவில்லை. அவர் எனக்குக் குறித்துக் கொடுத்த தலைப்பு "அறுபதில் ஓர் ஆண்டு ஓட்டம்" என்பது. அந்த ஆண்டைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் செய்தி உண்டு. ஆனால் அதில் ஒரு பகுதி இந்த அவைக்கு நான் பட்டிருக்கும் கடன். அதையும் சேர்த்தே சொல்லிவிட எண்ணி வந்திருக்கிறேன்.

2024 டிசம்பரில் எனக்கு அறுபது நிறைந்தது. அஞ்சலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கவுன்டரில் அமர்ந்து, எடைத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். வேறு எந்த உலகத்திலும் அறுபது நிறைவது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று. மூத்தோர் தடகளத்தில் மட்டும் அது கொண்டாட்டம். அங்கே முப்பத்தைந்து வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துப் போட்டி வைக்கிறார்கள். ஐம்பத்தொன்பது வயதுக்காரன் தன் பிரிவில் கடைசிக் கிழவன். அவனே மறுநாள் அறுபதைத் தொட்டால் அடுத்த பிரிவில் இளைஞனாகிவிடுகிறான். 1975-இல் கனடாவின் டொரொன்டோ நகரில் இந்த முறையில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1977-இல் அதற்கென உலக அமைப்பு ஒன்று தோன்றியது. முதலில் "வெட்டரன்" என்ற சொல்லை வைத்திருந்தார்கள். 2001-இல் அதை மாற்றி "மாஸ்டர்ஸ்" என்று சூட்டிக்கொண்டார்கள். நாம் "மூத்தோர்" என்கிறோம். மூன்றில் நம் சொல்லே மரியாதையாக இருக்கிறது.

என்னை ஓட வைத்தவர் யார் என்பது இந்த அவைக்குத் தெரியும். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் புலவர் ஐயாதான். வட்டம் தொடங்கிய புதிதில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "தம்பி, நீர் படியேறும்போது மூச்சு வாங்குகிறது. கவிதை வாசிக்கும்போதும் அதே இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது" என்றார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கரையில் என்னை நிற்க வைத்தார். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று, அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் எட்டுச் சுற்று ஓடினார். நான் ஒன்றரைச் சுற்றில் மைய மண்டபத்தைப் பார்த்தபடி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

தெப்பக்குளத்தின் அளவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்தது. ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம், தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலம். வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவரே மீனாட்சி கோயிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்பது வழக்கு. கரையோரமாக ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டரும் இன்னும் கால் பங்கு சொச்சமும் வரும். குளம் வறண்டு, பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலத்தில் ஓடத் தொடங்கியவர்கள் நாங்கள். பிறகு வைகை நீர் வந்து நிறைந்து, விடியலில் மண்டபத்தின் நிழல் நீரில் விழுவதைப் பார்த்துக்கொண்டே ஓடும் பேறும் வாய்த்தது.

கனடாவில் எட் விட்லாக் என்றொருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்த பின் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல் மனிதர். 2003-இல் தம் எழுபத்திரண்டாம் வயதில் 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் ஓடினார். மறு ஆண்டு இன்னும் விரைவாக, 2 மணி 54 நிமிடம் 48 விநாடி. 2017-இல் மறைந்தார். அவர் பயிற்சி செய்த இடம் வீட்டருகில் இருந்த ஒரு கல்லறைத் தோட்டம். நாள்தோறும் மணிக்கணக்கில் கல்லறைகளைச் சுற்றிச் சுற்றி ஓடுவாராம். இதைப் புலவரிடம் சொன்னேன். "நமக்குப் பிள்ளையார் பிறந்த குழி கிடைத்ததே, அதற்கு நன்றி சொல்லும்" என்றார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் எந்தப் பந்தயத்துக்குப் போய் வந்தாலும், நேரம் என்ன, எத்தனையாவது இடம் என்று கேட்கமாட்டார். "எங்கே நடந்தீர்?" என்பார். அவ்வளவுதான். ஓட முடியாமல் நடந்த இடத்தைச் சொல்லவேண்டும். பதினான்காவது கிலோமீட்டரில் நடந்தேன் என்றால், அதற்கு முந்திய ஐந்து கிலோமீட்டரை எப்படி ஓடினேன் என்று விசாரிப்பார். தளை தட்டிய இடத்தில் பிழை இருப்பதில்லை, அதற்கு முந்திய சீரில்தான் இருக்கிறது என்பது அவர் பாடம்.

2024 புரட்டாசியில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை, வலக்கால் இரண்டும் போயின. பேச்சு திரும்ப நான்கு மாதமாயிற்று. திரும்பியதும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. கணீரென்று நேரிசை வெண்பாவை இந்த அவையில் ஒரே மூச்சில் சொல்லியவரை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் மேலே சொல்லவேண்டியதில்லை.

ஆகவே 2025-ஆம் ஆண்டில் நான் ஓடிய ஓட்டமெல்லாம் இரண்டு பேருக்காக ஓடியது. எனக்கென்று ஒரு இலக்கும் வைத்திருந்தேன். அரை மாரத்தானை, அதாவது இருபத்தொரு கிலோமீட்டரும் தொண்ணூற்றேழரை மீட்டரும் கொண்ட தூரத்தை, இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிவிடவேண்டும். விரைவாக ஓடுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஷிவ்நாத் சிங் 1978-இல் ஜலந்தரில் இதைப்போல் இரு மடங்குத் தூரத்தை 2 மணி 12 நிமிடத்தில் ஓடி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் நெருங்க முடியாத இந்தியச் சாதனையாக வைத்தார். ஆனால் மூத்தவன் கணக்கு வேறு. வயதேற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஒன்று வீதம் இறங்குகிறது என்கிறார்கள். ஐம்பதுகளில் எனக்குக் கை நழுவிய இரண்டு மணி நேரத்தை அறுபதில் பிடிக்க முயல்வது, இறங்கும் படிக்கட்டில் ஏறுவது போன்றது.

ஜனவரியில் சென்னை. இருட்டில் நேப்பியர் பாலத்தருகே ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்றேன். 2 மணி 6 நிமிடம் 10 விநாடி. பதினேழாவது கிலோமீட்டரில் நடந்தேன். புலவரின் வீட்டுக்குச் சென்று சொன்னேன். அப்போது அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. இடக்கை விரலால் மேசையில் பன்னிரண்டு என்று எழுதிக் காட்டினார். பன்னிரண்டாவதில் அவசரப்பட்டிருக்கிறீர் என்பது பொருள். சரிதான்.

பிப்ரவரியில் ஆரோவில். 2008-இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் ஒரு விந்தை உண்டு. வென்றவர் என்று எவரையும் அறிவிப்பதில்லை. பரிசும் இல்லை. செம்மண் பாதையில், மரநிழலில், ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுங்கள் என்கிறார்கள். நான் ஓடினேன், மகிழ்ந்தேன் என்றும் சொல்லவேண்டும். ஆனால் கைக்கடிகாரத்தைக் கால்சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் ஓடினேன். புலவர் கேட்டுவிட்டு மெல்ல மெல்லச் சொன்னார்: "அளவில்லாத ஓட்டமோ? அது... புதுக்கவிதை, தம்பி." நோய்க்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. நம் புதுக்கவிதையாளர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பங்குனி தொடங்கி ஆனி வரை மதுரையில் ஓட்டமென்பது தவம். விடியற்காலை நான்கரை மணிக்கும் தார்ச்சாலை ஆறியிருப்பதில்லை. கீழக்குயில்குடிப் பக்கம் போனால் சமணர் மலையின் பாறை, பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும். செட்டிப்புடவில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைப் போல வெயிலையும் காற்றையும் ஒன்றாகக் கொள்ளும் பக்குவம் ஓட்டக்காரனுக்கு வருவதில்லை. நரசிங்கத்துக்கு ஓடினால் யானைமலை ஒரு பக்கத்துக் காற்றை முழுதாக மறைத்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கிய மே 12-ஐ ஒட்டிய நாள்களில் ஓடவே இடமில்லை. நடப்பதற்கும் அழகர் தயவு வேண்டும். அந்த மாதங்களில் நான் இலக்கை நெருங்கவில்லை. இழக்காமல் வைத்திருந்தேன், அதுவே பெரிது.

ஜூலை 14 அன்று ஃபௌஜா சிங் இறந்த செய்தி வந்தது. பஞ்சாபில் தம் சொந்த ஊருக்கருகே சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தார். 1911-இல் பிறந்தவர் என்பது குடும்பத்தார் கணக்கு. எண்பது வயதுக்கு மேல், மகனை விபத்தில் பறிகொடுத்த துயரத்திலிருந்து மீள ஓடத் தொடங்கியவர். 2011-இல் டொரொன்டோவில் நூறு வயதில் முழு மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முடித்தார். ஆனால் கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்யவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பது காரணம். அவர் பிறந்த காலத்தில் அந்தக் கிராமத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? நான் சினத்துடன் இதைப் புலவரிடம் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "அவர்கள் சான்று கேட்டது சரி. இவர் ஓடியதும் சரி" என்றார். அந்த விடை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த மாதமே அந்த விடை என் பக்கம் திரும்பியது.

ஆகஸ்டில் ஒரு சிற்றூரில் அரை மாரத்தான். மதுரையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். ஊரைச் சொல்லமாட்டேன். நடத்தியவர்கள் நல்லவர்கள். தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் குறைவில்லாமல் கொடுத்தார்கள். பாதை, கண்மாய்க் கரை வழியே ஒரு சிறு கிராமத்தின் நியாயவிலைக் கடை வரை சென்று திரும்பி வருவது. முந்திய நாள் மாலை வழித்தட வரைபடத்தைப் பார்த்து அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்து வைத்திருந்தேன். எடைத்தட்டின் முன் அமர்ந்தவனுக்கு அது பழக்கம்.

மறுநாள் காலை அருமையாக ஓடினேன். மேகமூட்டம், எதிர்க்காற்று இல்லை. திரும்புமிடத்தை நெருங்கும்போது பார்க்கிறேன், தார் டிரம்மும் கொடியும் நியாயவிலைக் கடையில் இல்லை. அதற்கு முன்னாலேயே, ஒரு பாலத்தடியில், புளியமரத்து நிழலில் நிற்கின்றன. பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கையசைத்துத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். கடைக்கும் அந்த மரத்துக்கும் நடுவே வெட்டவெளி. நிழலே கிடையாது. பிள்ளை வெயிலுக்கு அஞ்சி டிரம்மை நிழலுக்கு உருட்டி வந்திருக்கிறான். அவ்வளவே நடந்தது. முந்நூற்றைம்பது மீட்டர் போக, முந்நூற்றைம்பது மீட்டர் வர, எழுநூறு மீட்டர் குறைந்தது.

நான் டிரம்மைச் சுற்றித் திரும்பினேன். திரும்பும்போதே தெரியும். எனக்கு மட்டுமன்று, முன்னால் ஓடியவர்களுக்கும் தெரிந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முடிவுக்கோட்டில் பெரிய கடிகாரம் 1 மணி 58 நிமிடம் 40 விநாடி காட்டியது. அறுபது வயதுப் பிரிவில் இரண்டாம் இடம். சான்றிதழில் நேரத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். பேருந்தில் வரும்போது மனக்கணக்குப் போட்டேன். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பத்தொன்பது விநாடி வீதம் ஓடியிருக்கிறேன். விட்டுப்போன எழுநூறு மீட்டருக்கு நான்கு நிமிடம் நான்கு விநாடி. ஆக உண்மையான நேரம் 2 மணி 2 நிமிடம் 44 விநாடி. கணக்குப் போட்டு முடித்ததும் சான்றிதழை மடிக்காமல் பைக்குள் வைத்தேன். மடிக்காமல் வைத்தேன் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே பாதை அளப்பதைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். யாப்பு அறிந்த அவைக்கு இது சுவைக்கும். சாலையில் நடக்கும் பந்தயத்துக்குத் தூரத்தை அளக்க இன்றைக்கும் மிதிவண்டியைத்தான் நம்புகிறார்கள். முன்சக்கரத்தில் சுற்றை எண்ணும் சிறு கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். 1971-இல் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸ் என்பவர் ஆக்கியது, அதனால் அவர் பெயராலேயே வழங்குகிறது. முதலில் எஃகு நாடாவால் அளந்த நேர்தூரத்தில் வண்டியை ஓட்டி, சக்கரத்தின் சுற்றுக் கணக்கைத் தூரத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு பந்தயப் பாதையில், ஓடுகிறவன் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளை ஒட்டி ஒட்டி ஓட்டிச் செல்வார்கள். கடைசியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வார்கள். மாரத்தானுக்கு நாற்பத்திரண்டு மீட்டர், அரை மாரத்தானுக்கு இருபத்தொரு மீட்டர் அதிகம். எவ்வளவு கவனமாக அளந்தாலும் பிழை வரும், வரும் பிழை கூடுதலாக இருக்கட்டும், குறைவாக இருக்கவேண்டாம் என்பது அதன் நோக்கம். வெற்றிலைக் கட்டுக்கு மேல் நாலு வெற்றிலை கொசுறு வைக்கும் நம் கடைக்காரர் அறமும் இதுதான்.

குறைந்த பாதையில் பிடிபட்டவர்களும் சாமானியர் அல்லர். பாஸ்டன் மாரத்தானில் சாலையைச் செப்பனிட்டு நேராக்கியதால் தூரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைந்துபோய், 1951 முதல் 1956 வரை யாருக்கும் தெரியாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் நியூயார்க்கில் அல்பெர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி உலகச் சாதனை என்று கொண்டாடப்பட்டார். 1984-இல் மீண்டும் அளந்தபோது ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர் குறைவு. சாதனை போயிற்று. அவர் அறிந்து செய்த பிழையன்று அது. ஓடும்போது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று மாலையே புலவர் வீட்டுக்குப் போனேன். "எங்கே நடந்தீர்?" என்றார். "எங்கும் நடக்கவில்லை ஐயா" என்றேன். அது முற்றிலும் உண்மை. ஒரு எழுத்தும் பொய்யில்லை. அவர் நேரத்தைக் கேட்பதில்லை, கேளாமலே நான் சொன்னேன். பத்தாண்டில் முதன்முறையாகக் கேளாமலே சொன்னேன். அவர் கண்கலங்கினார். இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் புளியமரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன்.

பதினொரு நாள் கழித்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா உங்களுக்கு ஒரு வெண்பா சொல்லியிருக்கிறார். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நோய்க்குப் பிறகு அவர் சொன்ன முதல் பாட்டு அது. பதினைந்து சீர். நாளைக்கு ஒரு சீரோ இரண்டு சீரோ சொல்வார், மறுநாள் அதை நீக்கி வேறு சொல்லச் சொல்வார் என்று அவர் சொன்னார். வெண்டளை எங்கும் பிறழவில்லை. எதுகையும் மோனையும் பழைய கம்பீரத்தோடு நின்றன. அதன் இரண்டாம் அடியில், இரண்டு மணிக்குள் நான் ஓடி முடித்த செய்தி இருந்தது.

அதற்குப் பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். செப்டம்பர் மாதக் கூட்டத்தில் அந்த வெண்பா வாசிக்கப்பட்டது. புலவர் மீண்டும் பாடத் தொடங்கிவிட்டார் என்று இந்த அவை எழுந்து நின்று கைதட்டியது. அதே கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஏற்புரையில் கடும் பயிற்சியைப் பற்றியும் சமணர் மலையைப் பற்றியும் பேசினேன். மரத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்பர்களே, நான் பட்ட கடன் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பொன்னாடைக்காக அன்று. அதைச் சொன்னால் அந்தப் பாட்டுப் பொய்யாகிவிடும் என்று அஞ்சினேன். பதினொரு நாள் உழைத்துத் திரட்டிய பதினைந்து சீர். ஒரு கையும் பாதி நாவும் போன மனிதர் அதைப் பிடித்து எழுந்திருக்கிறார். அதைத் தட்டிவிட்டால் மறுபடி எழுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. இது நல்ல காரணம்தான். நல்ல காரணமாக இருந்ததாலேயே எனக்கு மிகவும் வசதியாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நவம்பரில் சென்னை ஜவாகர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டிகள் நடந்தன. நான் பார்வையாளனாகப் போயிருந்தேன். எழுபதைக் கடந்த ஒருவர் நீளம் தாண்டினார். அவர் விழுந்த இடத்தில் ஒருவர் ஊசியைக் குத்த, இன்னொருவர் அளந்து, மூன்றாமவர் எண்ணை உரக்கச் சொல்லி எழுதினார். சிறிய தூரம். என் வீட்டுத் தாழ்வாரத்தின் அகலம் இருக்கும். ஆனால் சென்டிமீட்டர் பிசகாமல் அளந்தார்கள். தாண்டியவர் மணலைத் தட்டிக்கொண்டே வந்து எண்ணைப் பார்த்தார், தலையசைத்தார், மீண்டும் வரிசையில் போய் நின்றார். மன் கௌர் என்ற அம்மையார் 2017-இல் ஆக்லாந்தில் தம் நூற்றோராம் வயதில் நூறு மீட்டரை 74 விநாடியில் ஓடியதை முன்பு செய்தியில் படித்திருந்தேன். அப்போது எனக்கு வியப்பாக இருந்தது அவருடைய வயது. இந்த மணற்குழிக்கருகே நின்றபோது, அந்த 74 என்ற எண்ணை யாரோ ஒருவர் கருத்தோடு குறித்து வைத்தாரே என்று தோன்றியது. வயதானவர் என்று கருணை காட்டி எழுபது என்று எழுதவில்லை.

அன்றிரவு பாண்டியன் விரைவு வண்டியில் தூங்கவில்லை. காலையில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே புலவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது. பிறகு கேட்டார்: "அந்தப் பையன்... எத்தனை மணி நேரம் நின்றான்?" நான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் இருக்கும் என்றேன். "அவனை ஒன்றும் சொல்லாதீர்" என்றார். இன்னும் சற்று நேரம் கழித்து, "வெண்பாவுக்கு ஈற்றடி ஒரு சீர் குறையவேண்டும். அது இலக்கணம். உமக்கு யார் தந்தார் அந்தச் சலுகையை?" என்றார். சிரித்தாரா, கடிந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வலப்பக்க முகம் அவருக்கு அசைவதில்லை.

இரண்டாம் அடியில் ஒரு சீரை மட்டும் மாற்றிவிடலாமே ஐயா என்றேன். தலையை அசைத்தார். "மாற்றினால் தளை போகும். புதிதாகத்தான் பாடவேண்டும். அதற்கு நீர் புதிதாக ஓடவேண்டும்" என்றார்.

டிசம்பர் கடைசி வாரத்தில், மார்கழிப் பனியில், ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் அனுமதி பெற்றோம். நம் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி, தொடக்கத்தில் காலணியில்லாமல் ஓடி, மதுரையிலேயே பயிற்சி பெற்று, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்துக்குப் போனாரே, அவரைப் போன்றோரை உருவாக்கிய நகரம் இது. அந்தத் தடத்தில் நானும் கால் வைக்கிறேன் என்று நாணத்தோடுதான் நின்றேன். ஓடுதடத்தின் உள்வட்டம் நானூறு மீட்டர். அதையும் உள்விளிம்பிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளியே அளக்கிறார்கள். அரை மாரத்தானுக்கு ஐம்பத்திரண்டு சுற்றும் இருநூற்றுத் தொண்ணூற்றேழரை மீட்டரும் வேண்டும். முடிவுக்கோட்டிலேயே முடியவேண்டுமானால், கோட்டைக் கடந்து நூற்றிரண்டரை மீட்டர் தள்ளி, முதல் வளைவு முடியும் இடத்துக்குச் சற்று முன்னிருந்து புறப்படவேண்டும். நாடா வைத்து அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டேன். நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை.

புலவர் முடிவுக்கோட்டருகே சக்கர நாற்காலியில், கம்பளிக் குல்லாவோடு அமர்ந்தார். மடியில் இரண்டு கிண்ணம். ஒன்றில் ஐம்பத்திரண்டு புளியங்கொட்டை. நான் ஒவ்வொரு முழுச் சுற்றை முடிக்கும்போதும் இடக்கையால் ஒன்றை எடுத்து மற்றொரு கிண்ணத்தில் போடுவார். புளியங்கொட்டை யார் ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கச் சுற்றுக்கு 2 நிமிடம் 16 விநாடியும் இன்னும் அரை விநாடியும்தான் உண்டு. முதல் இருபது சுற்று அப்படியே ஓடினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முப்பதாவது சுற்றில் தொடை கனத்தது. முப்பத்தெட்டாவது சுற்றில், எதிர்ப்புற நேர்தடத்தில், ஏறத்தாழ எண்பது மீட்டர் நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் சிறு உருவமாகத் தெரிந்தார், கையில் அடுத்த கொட்டையைத் தயாராக எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார். மறுபடி ஓடினேன். முடித்தபோது 2 மணி 3 நிமிடம் 15 விநாடி. ஆகஸ்டில் மனக்கணக்காகப் போட்ட நேரத்தைவிடவும் அரை நிமிடம் அதிகம்.

கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். ஐம்பத்திரண்டும் இருக்கிறதா என்று எண்ணச் சொன்னார். எண்ணினேன். இருந்தன. பிறகு கேட்டார், "எங்கே நடந்தீர்?" முப்பத்தெட்டாவது சுற்றில் என்றேன். "பார்த்தேன்" என்றார்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் வைத்தேன். செப்டம்பர் வெண்பா ஆண்டு மலரில் இடம் பெறுவதாக அறிந்து, அதை எடுத்துவிடும்படி கேட்டேன். அந்தப் பக்கங்கள் அச்சாகிவிட்டன என்று பதிப்பாசிரியர் வருந்தினார். ஆகவே அந்தப் பாட்டை அங்கே படிப்பவர்கள் இந்த உரையையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுத்தில் தர ஒப்புக்கொண்டேன். பொன்னாடையைத் திருப்பித் தரவும் முயன்றேன். அது செலவுக் கணக்கில் எழுதித் தணிக்கையும் முடிந்துவிட்டது, இனித் திரும்பப் பெற வழியில்லை என்று பொருளாளர் சொல்லிவிட்டார்.

புதிய வெண்பா வந்துகொண்டிருக்கிறது. நேற்றுவரை மூன்றடி முடிந்திருக்கிறது. முப்பத்தெட்டு என்ற எண் அதில் வருகிறது, தளையும் சரியாக இருக்கிறது. ஈற்றடி இன்னும் மூன்று சீர். அவசரப்படுத்தவேண்டாம் என்று அவருடைய மகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்.